ஞாயிறுவரை வைத்திருந்த கடிதம்

மாயாபந்தர், 11-8-1968, ஞாயிறு

நற்பணி மன்றத்தின் முகவரிக்கு வரும் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்தான் கொடுப்போம். கடிதத்துக்காகவாவது உறுப்பினர்கள் வருவார்கள் என்று, செயலாளரான நான் கொண்டுவந்த வழக்கம் அது.

சூசையின் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. இன்றுதான் கொடுத்தேன். அங்கேயே பிரித்துப் படித்தான். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்பட்டு வா என்று தூத்துக்குடியிலிருந்து தங்கை எழுதியிருக்கிறாள்.

"ஜஹாஜ் நேத்தே போயிருச்சே அண்ணே," என்றான்.

இந்தத் தீவிலிருந்து அடுத்த கப்பலுக்கு இன்னும் பதினைந்து நாள். தந்தியாவது கொடுக்கலாம் என்றேன்.

"என்னன்னு குடுக்க?" என்று கேட்டான்.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். சூசை மட்டும் இருந்து பெஞ்சுகளை அடுக்கினான். இந்த வாரம் அவன் முறை. அந்தப் பட்டியலும் நான் போட்டதுதான்.