மாப்பிள்ளையோடு வந்த கொம்பியூட்டர்

திருகோணமலை,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அந்த வெயிலுக்குள் உங்களையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்க வேண்டும். அடுத்த தெரு சுஹைராவின் மாப்பிள்ளை லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். உம்மா இனிப்பாகக் கிண்டிய தொதல் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். தொதலை அறையில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள். தலையணைக்குக் கீழே ஒளித்து வைக்க வேண்டாம், உங்களை எனக்குத் தெரியும்.

முதலில் நீங்கள் ஒவ்வொரு நாளும் கேட்கிற விஷயம். என்னை அங்கே எடுப்பதற்கு நான் இங்கிருந்து அனுப்ப வேண்டிய விசா விண்ணப்பம் இன்னும் போகவில்லை. மாதமுடிவுக்குள் போகாவிட்டால் கம்பனி தரும் வீடு வேறொருவருக்குப் போய்விடும் என்று சொன்னீர்கள், மறக்கவில்லை. போனில் அந்த விண்ணப்பப் பக்கம் சரியாகத் திறக்காததால் உங்கள் பழைய கொம்பியூட்டரைத்தான் நம்பியிருந்தேன். அதுவோ தொடங்கும்போதே நீலமாகி நின்றுவிட்டது. நீங்கள் சொன்னபடியே பென்டிரைவில் இருந்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். நானே ஏற்றினேன். சிரிக்க வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் கூத்து. எழுத்தெல்லாம் பேக்கரிப் பணிஸ் மாதிரி ஊதிக் கிடந்தது. சத்தம் இல்லை, இன்டர்நெட் இல்லை. பக்கத்து வீட்டு அசனாவின் லெப்டொப்பில் டிரைவர் புரோகிராம்களை இறக்கிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். எழுத்து சிறிதானது, சத்தம் வந்தது, இன்டர்நெட்டும் வந்தது. ஆனால் எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் பாதுகாப்பில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. ரவுட்டரைக் கழற்றிப் பூட்டினேன், வயரை மாற்றினேன். கண்ணூறாக்கும், ஓதி ஊதிப் பாருங்க என்றாள் அசனா. ஊதியும் பார்த்தேன். தூசிதான் பறந்தது.

கடைசியில்தான் மூலையில் இருந்த திகதி கண்ணில் பட்டது. 2014, ஜனவரி முதலாம் திகதி. அத்தனை பழைய திகதியைக் காட்டினால் எந்தப் பக்கம்தான் நம்பித் திறக்கும்? கையால் திருத்தினேன். கரண்ட் போய் வந்ததும் மறுபடியும் 2014. உள்ளே காசு அளவில் ஒரு பற்றரி இருக்கிறதே, அது செத்துவிட்டது. மணிக்கூட்டுக் கடை ஸெய்னுதீன் நானாவிடம் புதிதாக ஒன்று வாங்கினேன். இது எந்த மணிக்கூட்டுக்குப் புள்ள என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்தேன்.

வாங்கினேனே தவிர, போட மனம் வரவில்லை. காலையில் பெட்டியை முடுக்கினால் அது 2014க்குப் போய் நிற்கிறது. நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருஷம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண்ணுடைய வீட்டுக்கு வருவது. எல்லா மாப்பிள்ளைமாரும் பூவும் அத்தருமாக வர, நீங்கள் ஓட்டோவில் மடியில் கொம்பியூட்டரை அணைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். மாலையோடு நின்ற உம்மா எங்கே போடுவதென்று தெரியாமல் மொனிட்டருக்கும் சேர்த்துப் போட்டார்.

அந்தத் திகதியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். மொனிட்டருக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் உட்துறைமுகம். தண்ணீர் அசையாமல் கிடக்கும். கப்பல் ஒன்று வருகிறதா போகிறதா என்று தெரியாமல் நிற்கும். ஒரு நாள் தெருவில் திரிகிற மான்களில் ஒன்று மதிலோரம் வந்து நின்று என்னையே பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன், எவ்வளவு நேரமென்று தெரியாது. குசினியில் சத்தம் கேட்டால் நீங்கள் தேத்தண்ணி ஊற்றுகிறீர்கள் என்றே நினைப்பேன். பாதி நித்திரையில் இருப்பது போல ஒரு சுகம். ஒரு பின்னேரம் உங்களுக்கும் சேர்த்து மூன்று கோப்பை எடுத்து வைத்துவிட்டேன். உம்மா ஒன்றைத் திரும்ப எடுத்துக் கழுவி வைத்தார்.

நேற்றுத்தான் பற்றரியைப் போட்டேன். திருத்திய திகதி இந்த வருஷத்திலேயே நின்றுவிட்டது. பக்கம் திறந்தது. எல்லாம் நிரப்பி, படமும் நிக்காஹ் பத்திரமும் ஏற்றிவிட்டேன். அனுப்பு என்ற பொத்தான் மட்டும்தான் மீதி. அதற்கு மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை இருந்தேன். பிறகு எழும்பித் தொழப் போய்விட்டேன்.

ஆகவே மச்சான், இனிப் பெட்டியைக் குறை சொல்ல ஏலாது. அனுப்பாதது நான்தான்.

உம்மா போகத்தான் சொல்கிறார். புருசன் கூப்பிட்டா போகவேணும், நான் என்ட தம்பி வீட்ட இருப்பன், இந்த வீட்டைப் பூட்டிப்போட்டுப் போ என்கிறார். பூட்டு என்ற சொல்லைக் கேட்டதும் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். முதலில் இரண்டு வருஷம் என்றீர்கள். பிறகு இன்னும் கொஞ்சம் என்றீர்கள். நான் இங்கே இருக்கும்வரைதான் நீங்கள் வெளிநாடு போயிருக்கிறவர். நானும் வந்துவிட்டால் நாம் இரண்டு பேரும் ஊரை விட்டுப் போனவர்கள். அதற்குப் பிறகு திரும்பி வர உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களோடு இருக்க ஆசையும் அதே அளவுக்கு இருக்கிறது, அதுதான் பெரிய தொல்லை.

இதை வாசித்த கையோடு கோல் எடுக்க வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் நான் ஓம் என்று சொல்லிவிடுவேன், அன்றைக்கே அனுப்பியும்விடுவேன். ஒரு பத்து நாள் லீவாவது கேட்டு வாருங்கள். இந்த ஜன்னலடியில், என் பக்கத்தில் இருந்து, நீங்களே அந்தப் பொத்தானைத் தட்டுங்கள். உங்களால் தட்ட முடிந்தால் நான் ஒரு சொல்லும் சொல்லாமல் உங்களோடு வெளிக்கிடுவேன்.

போன வழியாலேயே அல்லாஹ் உங்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரட்டும். ஆமீன்.

உங்கள்,
றுமானா