கடைசிப் படி மட்டும் உயரம்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
6 ஜூலை 2025

மெரின் அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

நான் நலம். காரைக்காலில் நீங்களும் உங்கள் அக்கா நிர்மலா அண்ணியும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று மெரின் சொன்னாள். நான் சத்தம் போட்டுப் பேசினால் சண்டைக்கு வருகிறேன் என்று நினைப்பீர்கள். ஆறு வருடம் பேசாமல் இருந்துவிட்டுக் கத்திக்கொண்டா ஆரம்பிப்பது? அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது. விமான தளத்தின் ஓடுதளத்தை நீட்டுகிறார்களாம். நம் தெரு முழுவதும் போகிறது. நோட்டீஸில் 'பொது நோக்கத்திற்காக' என்று போட்டிருக்கிறது. உரிமையாளர் என்ற இடத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, அல்போன்ஸ், பெர்னதெத் என்று பக்கத்தில் பக்கத்தில். கலியாணப் பத்திரிகைக்குப் பிறகு நம் பெயரை அப்படிச் சேர்த்துப் பார்த்தது இப்போதுதான்.

போன வாரம் அளக்க வந்தார்கள். சுவரில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். கொய்யா மரத்துக்கும் ஒரு நம்பர். மாடிக்கு ஏறிய ஆபீசர் கடைசிப் படியில் தடுக்கி விழப் பார்த்தார். கொத்தனார் செய்த கோளாறு, அந்தப் படி மட்டும் உயரம் என்று நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.

ஆறு வருடத்துக்கு முன் நீங்கள் 'வித்துட்டுக் காரைக்காலுக்குப் போயிடலாம், வீடா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லு' என்று கேட்டீர்கள். நான் 'வீடுதான்' என்றேன். இப்போது அந்த வீடே போகிறது. சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் என்ன செய்யலாம் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெர்னதெத்


காரைக்கால்
14 ஜூலை 2025

பெர்னாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. என்னுடையது கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

நான் சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு கொல்லையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அக்கா தன் பார்வைக் கோளாறோடு தட்டுத்தடுமாறி வந்து, 'யாருடா செத்துட்டாங்க?' என்று கேட்டாள்.

அந்த இடம் வாங்கும்போது வெறும் செம்மண்ணும் முந்திரியும்தான். 'இங்கே யாராவது குடியிருப்பாங்களா?' என்று உன் அப்பா கேட்டார். மின்துறையில் வேலை முடித்து நான் சைக்கிளில் வருவேன், நீ தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாய். முந்தானையெல்லாம் சிமெண்ட். தளம் போட்ட பிறகு மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோமே, மெரின் அதில் காகிதக் கப்பல் விட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? 'என் வீட்டுக் கடல் மாடியில இருக்கு' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அடி வாங்கினாள்.

அப்புறம் என் நட்சத்திரம். கிறிஸ்துமஸுக்கு ஊரெல்லாம் வாசலில் நட்சத்திரம் கட்டும், எனக்கு மட்டும் வானத்தில் கட்ட வேண்டும். பெரிய மார்க்கெட் பக்கமிருந்து சவுக்குக் கம்பத்தைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்து மாடியில் நட்டு, உச்சியில் பல்பு எரியவிட்டால், விமான தளத்துக் காவலாளி இராமதாஸ் மறுநாளே தன் பிரெஞ்சு மரியாதையோடு வந்துவிடுவார். 'மிசியே, கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க. பைலட்டு பெத்லகேம்னு நெனச்சி உங்க மாடில எறங்கிடப் போறான்.' இத்தனைக்கும் அந்த நாளில் வாரத்துக்கு ஒரு விமானம்கூட வராது.

ஆட்சேபணை கொடு. பக்கத்து வீட்டுத் தணிகாசலத்தைச் சேர்த்துக்கொள், அவருக்கு ஆபீஸ் நடைமுறை தெரியும். என் கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் இருக்கிறது. கொய்யா காய்த்ததா?

அல்போன்ஸ்


லாஸ்பேட்டை
21 செப்டம்பர் 2025

மெரின் அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

கொய்யா காய்த்தது. அணில் தின்றது போக மிச்சத்தைத் தெருவுக்குக் கொடுத்தேன். மரத்துக்கு நம்பர் போட்டதில் ரோஷம் வந்துவிட்டது போல, இந்த வருடம் அப்படி ஒரு காய்ப்பு.

ஆட்சேபணை விசாரணை முடிந்தது. தெருவே திரண்டு போனோம். தணிகாசலம் அண்ணன் வீட்டிலேயே பேசிப் பார்த்துக்கொண்டு வந்தார், அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. நான்தான் பேசினேன். 'சுவர் காய்ஞ்சிடக் கூடாதுன்னு அஞ்சு வயசுப் புள்ளய வெயில்ல வுட்டுட்டுத் தண்ணி ஊத்தினேன் சார். அத எந்தக் கணக்குல எழுதுவீங்க?' என்று கேட்டேன். ஆபீசர் நல்ல மாதிரி. தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் ஆட்சேபணை தள்ளுபடி என்று இரண்டே வரியில் பதில் வந்துவிட்டது. ஜனவரி கடைசிக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது வேறொரு சிக்கல். கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் குடும்பத்துக்கு ஒரு மனை தருகிறார்கள், வீடு கட்டிக்கொள்ள. மனை வேண்டுமென்றால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குடும்பம் என்று இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பிரிந்திருக்கிறோம் என்று எழுதிக்கொடுத்தால் மனை கிடையாது, பணத்தை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்துவிடுவார்கள். டிசம்பர் முதல் வாரத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

அங்கே இருக்கிற கிளார்க் பெண், பூவிழி என்று பெயர், 'அய்யா எங்கம்மா?' என்று கேட்டாள்.

'ஊருக்குப் போயிருக்காரு.'

'எப்பம்மா போனாரு?'

நான் பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, 'வந்ததும் கூட்டிட்டு வாங்கம்மா' என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். கல்லூரிப் பிள்ளைகள் ஸ்கூட்டரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரே குடும்பமா, இரண்டா? இதை நான் தனியாக எப்படி எழுதுவேன்? நீங்கள் சொல்லுங்கள்.

பெர்னதெத்


காரைக்கால்
9 அக்டோபர் 2025

பெர்னாவுக்கு,

நிறைய யோசித்தேன். தெரிந்த நோட்டரி ஒருவரிடமும் கேட்டேன். உனக்கு எந்தச் சிக்கலும் வரக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

வீட்டில் எனக்குள்ள பாதியை உனக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் தயார் செய்து அனுப்பியிருக்கிறேன். இதைக் காட்டினால் முழுப் பணமும் உனக்கே வரும். எனக்கு ஒன்றும் வேண்டாம், பென்ஷன் இருக்கிறது, அக்கா வீடு இருக்கிறது. நீ அலைந்து திரிய வேண்டாம் என்றுதான் இப்படிச் செய்தேன். அன்றைக்கு நீ வீடு என்றாய். வீடு முழுவதும் உனக்கே இருக்கட்டும்.

மெரினிடமும் சொல்லிவிட்டேன். அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள். ஏன் என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மழை ஆரம்பித்தால் மாடித் தண்ணீர்க்குழாயில் இலை அடைத்துக்கொள்ளும், மறக்காமல் எடுத்துவிடு.

அல்போன்ஸ்


லாஸ்பேட்டை
17 அக்டோபர் 2025

மெரின் அப்பாவுக்கு,

உங்கள் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். முத்திரைத்தாள் வீணாயிற்றே என்று வருத்தப்படாதீர்கள்.

ஒன்றா இரண்டா என்று நான் கேட்டேன். நீங்கள் பாதி, முழுசு என்று பதில் எழுதுகிறீர்கள். பென்ஷன் வாங்கும் வயதாகியும் உங்களுக்கு ஒரு பெண்பிள்ளை என்ன கேட்கிறாள் என்று புரியவில்லையே. மெரின் ஏன் போனை வைத்தாள் என்று வேறு கேட்கிறீர்கள்!

இன்றைக்கு வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அன்றைக்கு வீடுதான் என்று சொன்னேனே, எந்த வீட்டைச் சொன்னேன் என்று நினைத்தீர்கள்? சுவரையும் ஜன்னலையுமா? நீங்கள் சாயங்காலம் சைக்கிள் மணியடித்துக்கொண்டு வருகிற வீடு. உங்கள் பனியன் கொடியில் காய்கிற வீடு. மீன் குழம்பில் புளி போதவில்லை என்று நீங்கள் குறை சொல்கிற வீடு. அதை விற்காதீர்கள் என்றுதான் சொன்னேன். நீங்கள் அந்த வீட்டையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்கு மிஞ்சியது நம்பர் போடுகிற சுவர்.

அண்ணிக்குத் துணை வேண்டும் என்று நீங்கள் நினைத்தது தப்பில்லை. அவர்களை இங்கே கூட்டி வரலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் அப்போது கோபம் கண்ணை மறைத்தது.

இராமதாஸ் ஐயா ரிட்டயர்டாகி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் டிசம்பர் வந்தால் இந்தப் பக்கம் வந்து மாடியைப் பார்ப்பார். 'மிசியே இல்லியாம்மா? கம்பத்த எறக்கச் சொல்ல ஆள் இல்லாம எனக்கு கிறிஸ்துமஸே வந்த மாதிரி இல்ல' என்பார். நீங்கள் போனதிலிருந்து நம் மாடியில் நட்சத்திரம் ஏறவில்லை. எனக்கு அந்தக் கம்பத்தைத் தூக்க முடியாது, வேறு ஆளை வைத்துக் கட்ட மனமும் வரவில்லை.

இனி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. நவம்பர் முடியும் வரை பார்ப்பேன். அப்புறம் இரண்டு என்றே எழுதிக்கொடுத்துவிடுவேன்.

பெர்னதெத்


காரைக்கால்
28 நவம்பர் 2025

பெர்னா,

நேற்று புதுச்சேரிக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

காலையில் பஸ் ஏறி நேரே அந்த ஆபீசுக்குப் போனேன். பூவிழி என்கிற பெண் என்னைப் பார்த்ததும், 'ஊருக்குப் போயிருந்த அய்யாவா?' என்று கேட்டது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றதும் தாளில் எழுதிக் காட்டியது. ஆமாம் என்றேன். நாற்காலி போட்டது. ஒரே குடும்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் உன் இடம் காலியாக இருக்கிறது. போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

பிறகு நம் தெருவுக்கு வந்தேன். வாசலில் அந்தச் சிவப்பு நம்பரைப் பார்த்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. நீ எதையோ தாளித்துக்கொண்டிருந்தாய், வாசனை கேட் வரைக்கும் வந்தது. கொக்கியில் கை வைத்தேன். அதற்கு மேல் முடியவில்லை பெர்னா. எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வருவது?

அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேனே, தெருமுனை வரை எவ்வளவு மெதுவாக நடந்தேன் தெரியுமா? ஒரு வார்த்தை கூப்பிடுவாய் என்றுதான். அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்டது.

நேற்றும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பஸ் பிடித்து வந்துவிட்டேன். அக்காவிடம் எல்லாம் சொன்னேன். 'கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தியா, ஒனக்குக் காது மட்டுமாடா போச்சு?' என்று திட்டினாள்.

கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் விமானம் தாழப் பறக்காது என்று நினைக்கிறேன். அங்கே கம்பத்தை எவ்வளவு உயரமாகவும் நடலாம். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அல்போன்ஸ்


லாஸ்பேட்டை
3 டிசம்பர் 2025

என்னங்க,

கடிதம் கைக்கு வர ஒரு நாள் தாமதமாகியிருந்தால் நான் வேறு விதமாக எழுதிக் கொடுத்திருப்பேன். நேற்றுக் காலையில்தான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றபடியே படித்தேன். பிறகு தணிகாசலம் அண்ணனோடு போய் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன். 'அய்யா ஃபேன் காத்துல உக்காந்து ரொம்ப நேரம் அந்தத் தாளையே பாத்துட்டு இருந்தாரும்மா' என்று பூவிழி சொன்னாள்.

அன்றைக்கு நான் கூப்பிடவில்லை. உண்மைதான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முனையில் திரும்பும்போது ஒரு தரம் பார்ப்பீர்கள் என்று. நீங்கள் பார்க்கவில்லை. இப்படியே இரண்டு பேருமாக ஆறு கிறிஸ்துமஸைத் தொலைத்துவிட்டோம்.

இப்போது கூப்பிட்டால் உங்களுக்குக் காது கேட்காது. அதனால் எழுதிக் கூப்பிடுகிறேன். வாருங்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கீழ் அறையில் அவர்களுக்குக் கட்டில் போட்டுவிட்டேன். மெரினும் பிள்ளைகளும் பெங்களூரிலிருந்து இருபதாம் தேதி வருகிறார்கள்.

இந்த வீட்டுக்கு இதுதான் கடைசிக் கிறிஸ்துமஸ். அடுத்த மாதம் சாவியை வாங்கிக்கொண்டு இடிப்பார்கள். ஓடுதளம் வந்த பிறகு நம் சமையலறை இருந்த இடத்தில் விமானம் ஓடும். கொய்யாவில் ஒரு கிளையைப் பதியம் போட்டிருக்கிறேன், புது மனைக்குக் கொண்டுபோகலாம். சுவரைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. போகிற வரைக்கும் அதன்மேல் ஒரு நட்சத்திரம் எரிய வேண்டும். சவுக்குக் கம்பம் வாங்கி மாடியில் சாத்தியிருக்கிறது. இராமதாஸ் ஐயாவிடமும் சொல்லிவிட்டேன், கம்பம் ஏறிய மறுநாள் வந்து இறக்கச் சொல்வதாகச் சொன்னார். இறக்கக் கூடாது, சரியா?

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்க மாட்டேன். கேட் கொக்கியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

மாடிக்கு ஏறும்போது பார்த்து ஏறுங்கள். கடைசிப் படி மட்டும் உயரம், உங்கள் கால் மறந்திருக்கும்.

உங்கள்
பெர்னா