தை மாத எழுத்தும் ஆவணித் தாலியும்

வைகாசி 4, திங்கள்

விடியவே சோளகக் காற்று. முற்றத்தைக் கூட்டி முடிக்கமுன் திரும்பவும் மணல். தண்ணீர் பவுசர் இன்றும் இல்லை. குடிக்க ஒரு வாளிதான் மிச்சம்.

ஆறரைக்குச் சுதன் போன் எடுத்தார். அங்கே அமெரிக்காவில் பொழுதுபட்ட நேரம், இங்கே விடியல். தாலி கட்டிய பிறகு எங்கள் குடும்ப வாழ்க்கை முழுக்க இந்த ஆறரையில்தான். கடதாசி எல்லாம் திரும்பி வந்துவிட்டதாம். கலியாணத் திகதி பிழையாம்.

நான் டவுனுக்கு மூன்று தரம் அலைந்து, மொழிபெயர்ப்பித்து, முத்திரை குத்தி அனுப்பிய கடதாசி. எப்படிப் பிழைக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்தார். முன்பு தன் கைப்பட நிரப்பிய படிவத்தில் ஆவணி என்று போட்டிருக்கிறார், தாலி கட்டிய நாள். விவாகப் பதிவில், அந்த எழுத்தில், இருப்பதோ அதற்கு முந்தின வருடத்துத் தை.

"ஏன் அந்தத் திகதியைப் போட்டனீங்கள்?"

"தாலி கட்டினதைத்தானே கலியாணம் எண்டுறது. எழுத்து எழுத்துத்தானே."

அமெரிக்க ஆமியில் சிப்பாயாக ஆறு வருடம் முடித்த மனிதன். கேள்வியை இங்கிலிஸில் கேட்டிருக்கிறார்கள், இவர் தன் ஊர்ப் புங்குடுதீவில் நின்று பதில் சொல்லியிருக்கிறார்.

வைகாசி 5, செவ்வாய்

எனக்கே விளங்க ஒருமுறை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் விசர் பிடிக்கும்.

- ஆமியில் இருப்பவருக்கு முப்பத்தாறு மாதப் படிப்பு. செலவு அவர்களுடையது.
- தான் படிக்காவிட்டால் மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கலாம்.
- ஆமியில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். வெளியே வந்தபின் ஏலாது.
- அதற்கு முதல் என் பெயர் அவர்களுடைய குடும்பப் பதிவில் ஏற வேண்டும்.
- ஏறுவதற்கு ஒரு கலியாணம், ஒரு திகதி. எங்களிடம் இரண்டு.

மார்கழியில் அவருடைய தவணை முடிகிறது. அதற்குள் எல்லாம் சரிவர வேண்டும். என் விசாவும் அந்த நேரம்தான் வருமாம்.

நான் படிப்பிக்கிற முன்பள்ளியில் இன்று ஒரு பிள்ளை மற்றதின் காதைக் கடித்துவிட்டது. இரத்தத்தைக் கண்டு மற்ற ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டா. நான் கழுவிக் கட்டினேன். தாதிப் படிப்புக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தேன், இரண்டு தரமும் கிடைக்கவில்லை. இருபத்தொன்பது வயதில் இந்தச் சுருவில் ஊரில் சின்னதுகளின் மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் பாவம், அவர்களில் குறையில்லை. ஆனால் எனக்கு இந்தப் படிப்பு வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வேண்டும்.

வைகாசி 7, வியாழன்

புதுத் தலையிடி. எழுத்தையும் தாலியையும் நேரில் கண்ட இரண்டு பேர் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டுமாம். தையில் நடந்ததுதான் சட்டப்படி கலியாணம், ஆவணியில் நடந்தது சடங்கு என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டையும் கண்டவர்கள் இங்கே இரண்டே பேர். அம்மா, பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா.

அம்மா மாட்டேன் என்றுவிட்டா.

"எழுத்துக்குப் பிறகு பத்தொன்பது மாசம் நீ இந்த வீட்டில குமராய் இருந்தனீ. அவற்ற பெண்சாதியாய் இருந்தனீ எண்டு என்னைக்கொண்டு எழுதுவிக்கப் போறியோ?"

சட்டம் அப்படித்தான் என்றேன். சட்டம் வந்து உன்னைக் காவல் காத்ததோ என்றா. அதுவும் நியாயம்தான். எழுதின அன்று அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து, வந்த வானிலேயே புங்குடுதீவுக்குத் திருப்பி அனுப்பியவ அம்மா. அவருடைய லீவு முடிய இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அதில் ஒருநாள் கடற்கரைக்குப் போக நாங்கள் கேட்டபோது, தாலி ஏறட்டும் என்றா. போனில் கதைக்கும்போது பக்கத்துக் கதிரையில் இருந்து பயற்றங்காய் நறுக்கினா. சட்டப்படி கட்டிய மனிதனோடு பத்தொன்பது மாதம் பயற்றங்காய்க்கு நடுவில் கதைத்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை அம்மா வாயால் சொல்லமாட்டா. கடதாசியைப் பரமேஸ் அக்கா வாசித்தால் மாப்பிள்ளை ஆமி என்று தெரிந்துவிடும். ஊருக்கு அம்மா சொல்லி வைத்திருப்பது அரசாங்க உத்தியோகம். பொய் என்றும் சொல்ல ஏலாது. ஆனால் "ஆமி வாறான்" என்று பயங்காட்டியே சின்னனில் எனக்குச் சோறு தீத்திய மனுசி எப்படி இதைச் சொல்லுவா?

சவர்க்காரம், பற்பசை, போட்டோக் கொப்பி மூன்று. மறக்கக் கூடாது.

வைகாசி 9, சனி

லீவு. அந்தப் படிப்பு விதிகளை நானே வாசிப்போம் என்று போனில் எடுத்தேன். பக்கத்தில் அகராதி. சிக்னல் வருவதும் போவதும்.

நாலாவது பந்தி. மாற்றிக் கொடுப்பவர் ஆறு வருடம் முடித்திருக்க வேண்டும், சரி. மேலும் நாலு வருடம் ஆமியில் நிற்பதற்கு உடன்பட வேண்டும்.

மூன்று தரம் வாசித்தேன். அகராதியில் பார்க்க ஒரு சொல்லும் இல்லை. எல்லாம் தெரிந்த சொல்.

மார்கழியில் வெளியே வருவார் என்று வீடு பார்க்கிற கதை, சமையல் யார் என்கிற கதை எல்லாம் கதைத்தோமே. அப்போது இவருக்குத் தெரியுமா தெரியாதா?

மத்தியானம் சாப்பிட மனமில்லை. அம்மா கணவாய்க் கறி வைத்திருந்தா, அதனால் சாப்பிட்டேன்.

வைகாசி 10, ஞாயிறு

தெரியும்.

ஆறரைக்கு எடுத்தவுடன் கேட்டுவிட்டேன். மழுப்பவில்லை. நாலு வருடத்துக்கு ஒப்புக்கொண்டால்தான் விண்ணப்பமே போடலாமாம். பங்குனியிலேயே கையெழுத்து வைத்தாயிற்றாம். இதைவிடவும் நல்ல செய்தி ஒன்று சொல்லுகிறவர்போல், நீர் படிச்சு முடிய நானும் வெளியில வந்திடுவன், கணக்குச் சரி என்றார்.

ஆரைக் கேட்டு வைத்தனீங்கள் என்று கேட்டேன்.

"நீர் முதல் நாள் கதைக்கேக்கையே நேர்ஸ் ஆக வேணும் எண்டுதானே சொன்னனீர்."

"நான் படிப்பைத்தான் கேட்டனான். உங்கட நாலு வருசத்தைக் கேக்கேல்லை."

கட் பண்ணிவிட்டேன். திரும்ப எடுத்தார், தூக்கவில்லை.

எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுத ஏலாது. எங்கள் ஆம்பிளைகளுக்கு இது ஒரு வருத்தம், மாறாத நோய். கேட்காமல் சுமப்பார்கள். சுமந்ததைச் சொல்லவும் மாட்டார்கள். பிறகு நாங்கள் கோபிக்கவும் ஏலாது, கோபித்தால் நன்றி கெட்டவள். எங்கே அனுப்புவார்கள் என்று அவருக்கே தெரியாது. ஏதும் நடந்தால் இந்தப் படிப்பை வைத்து நான் என்ன செய்ய?

இன்னொன்று பிறகுதான் உறைத்தது. கையெழுத்து வைத்தது வைத்ததுதான். திகதி திருந்தாவிட்டால் படிப்பும் இல்லை, நாலு வருடமும் குறையாது.

வைகாசி 12, செவ்வாய்

காற்றுக்குக் கூரைத் தகரம் ஒன்று கழன்றுவிட்டது. இரண்டு நாளாக நான் போனைத் தூக்கவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. குசினியில் வைத்து எல்லாம் சொன்னேன்.

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா, நிறுத்தவில்லை. அப்ப மார்கழிக்கு வரமாட்டாரோ என்று மட்டும் கேட்டா. இல்லை என்றேன். செதில் சட்டி நிறைந்தது.

"கடதாசி சரிவராட்டி அந்த நாலு வருசம்?"

"அது அப்பிடியே தான் அம்மா."

"அப்ப அந்தப் பிள்ளை சும்மாவோ நிக்கிறது?"

கையைக் கழுவிவிட்டுப் போய் அலுமாரியைத் திறந்தா. கோயிலுக்குக் கட்டுகிற பச்சைச் சீலையை எடுத்து உதறினா. சத்தியக்கடதாசியை உறுதிப்படுத்துகிற ஜே.பி., சமாதான நீதவான், எத்தனை மணிக்கு வீட்டில் நிற்பார் என்று கேட்டா.

சுதனை அம்மா "அந்தப் பிள்ளை" என்று சொன்னது இதுதான் முதல் தரம். இதுவரை "அவர்", இல்லாவிட்டால் "உன்ர ஆள்".

வைகாசி 13, புதன்

முன்பள்ளிக்கு அரைநாள் லீவு. ஜே.பி. ஓய்வுபெற்ற அதிபர், ஒவ்வொரு வரியையும் உரத்து வாசிக்கிற பழக்கம். கடதாசியில் "இராணுவ" என்று வருகிற இடத்தில் அம்மா நிலத்தைப் பார்த்தா. நான் பரமேஸ் அக்காவைப் பார்த்தேன்.

பரமேஸ் அக்கா அசையவே இல்லை. "வாசியுங்கோ சேர், உது ஊருக்கே தெரியும்" என்றா. "அவை சொல்லேல்லை, நாங்கள் கேக்கேல்லை."

மூன்று வருடம் அம்மா காத்த இரகசியம்.

பத்தொன்பது மாதத்துக்கு வந்ததும் அம்மா தலையை நிமிர்த்தினா. ஜே.பி. கேட்காமலே, எழுதின நாளிலிருந்து அவள் அவற்ற மனுசிதான், நான்தான் விடேல்லை என்றா. ஜே.பி.க்கு அந்தக் கடைசிப் பகுதியையும் எழுதுவதா என்று சந்தேகம். வேண்டாம் சேர் என்று நான் தடுத்தேன்.

இரண்டு கையெழுத்தும் ஆயிற்று. படமெடுத்து உடனேயே அனுப்பிவிட்டேன். அவருக்கு ஒரு சொல்லும் எழுதவில்லை, படம் மட்டும். அவர் ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

வைகாசி 18, திங்கள்

ஒரு செய்தியும் இல்லை. ஆறரைக்குக் கதைத்தோம், சாப்பாடு, காற்று, தகரம். நாலு வருடத்தைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. கதைக்க வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் கதைக்கிறோம்.

அங்கே தாதிப் படிப்பில் சேர எழுத வேண்டிய இங்கிலிஸ் சோதினைக்குப் பழைய கேள்விகள் பார்த்தேன். நாற்பதுக்கு இருபத்தாறு. வெட்கம்.

வைகாசி 27, புதன்

ஆறு மணிக்கே எடுத்தார். "உம்மை என்ர மனுசி எண்டு ஒத்துக்கொண்டிட்டாங்கள்" என்றார். தை மாதத் திகதியோடு.

அந்தக் கையோடு படிப்பு மாதங்களையும் என் பெயருக்கு மாற்றிவிட்டாராம். எத்தனை என்று கேட்டேன். முப்பத்தாறும். உங்களுக்கெண்டு கொஞ்சம் வைத்திருக்கலாமே, நீங்களும் படிக்க விரும்பினனீங்கள்தானே என்றேன். அது அப்போது என்றார். பத்தொன்பது வயதில் கொழும்பில் மாமாவின் கடைக்குப் போனவர், அப்போது விட்ட படிப்பு. அதற்குமேல் என்னைக் கேட்க விடவில்லை.

எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். ஆடியில்தான் தெரியுமாம். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

பிறகு அவர் கேட்டார்.

"இன்னும் கோவமோ?"

"ஓம்."

"சோதினைக்குப் பேர் குடுத்தாச்சோ?"

"ஓம்."