குட்டி மாமா கேட்காமல் போன இரண்டாம் பாதி

என் அன்புக் குட்டி மாமா,

உங்களுக்குக் கல்வெட்டு அடிக்கிறார்கள். முப்பத்தோராம் நாள் சாப்பிட வருகிறவர்களின் கையில் கொடுக்கிற புத்தகம். முதல் பக்கத்தில் பிள்ளையார், அடுத்த பக்கத்தில் நீங்கள். உங்கள் அகதி அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். யாரோ உங்கள் சைக்கிளைக் களவெடுத்ததுபோல முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"மருமக்கள் புலம்பல்" என்று எனக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். "ஒழுங்கா எழுது, வினோ. உன்ர பகிடியளை உதுக்குள்ள கொண்டு வராதை" என்று சொல்லித்தான் அம்மா பேனையைத் தந்தார். நானும் புலம்பிப் பார்த்தேன். இரண்டாம் வரியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே புலம்பல் இல்லை, மாமா. நான் ஸ்கோர் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு நடந்த ஆட்டத்தின் ஸ்கோர்.

அதற்கு முதல், இந்தப் புத்தகத்தோடு வடைக்குக் காத்திருக்கிற அங்கிள், அன்ரிமாருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தரம் நான் பொறுத்திருக்கிறேன்!

கனடா என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் உங்களைப் பாதி வழியில், ஒரு சின்னக் கடற்கரைப் பட்டினத்தில் விட்டுவிட்டு மறைந்தான். இன்றைக்கு அது குரோஷியா. அன்றைக்கு யூகோஸ்லாவியா. "நான் வெளிக்கிட்ட உடனை நாட்டையே உடைச்சுப் போட்டாங்கள். நான் நிண்டிருந்தால் விட்டிருப்பனோ?" என்பீர்கள். ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினீர்கள். உங்கள் அறையில் ஹீற்றர் இல்லை. மாரிகாலம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கூடைப்பந்து ஆட்டத்தில் இடைவேளை முடிந்ததும், வாசலில் டிக்கெட் பார்க்கிறவர் கதவை அகலத் திறந்துவிட்டு, தானும் ஆட்டம் பார்க்க உள்ளே போய்விடுவார். கையில் காசில்லாதவர்கள் எல்லோரும் இரண்டாம் பாதிக்கு நுழையலாம். கிழவர்கள், மீன்பிடித்துத் திரும்பியவர்கள், வேலை முடித்த சமையல்காரர்கள். அவர்களோடு நீங்களும் நுழைந்தீர்கள், குளிருக்கு ஒதுங்க. அப்படியே மாட்டிக்கொண்டீர்கள்.

ஸ்கோர்ப் பலகையில் முதல் பாதியின் எண்கள் எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் அதைப் பார்ப்பதே இல்லை. "நான் வரமுந்தி நடந்ததுக்கு நான் பொறுப்பில்லை" என்று, கதவைத் தாண்டிய கணத்திலிருந்து சைபருக்குச் சைபர் என்று எண்ணத் தொடங்குவீர்கள். அதனால் ஊர் முழுக்க அழுதுகொண்டு வீட்டுக்குப் போன சில நாட்களிலும் நீங்கள் மட்டும் சிரித்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

கிளப்பின் பெயர் கலெப். அவர்களுடைய மொழியில் கடற்காகம். நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்த வருடம்தான் அந்தக் காகம் மேலே பறந்தது. ஒரே தெருவில் வளர்ந்த ஐந்து நெட்டைகள் சேர்ந்து, பெரிய பெரிய நகரங்களின் கிளப்புகளையெல்லாம் வரிசையாகச் சாத்தி, நாட்டுக் கோப்பையைத் தூக்கினார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. முன்பின் தெரியாத ஒருவன், சனத்துக்குள் நீங்கள் எதையும் எட்டிப் பார்க்க முடியாமல் துள்ளுவதைக் கண்டு, உங்களைத் தன் தோளில் தூக்கி வைத்தான். "அதுவரைக்கும் அந்த நாட்டில என்னைத் தூக்கினது பொலிஸ் மட்டும்தான்" என்பீர்கள். நீங்கள் போன ராசியில்தான் கோப்பை வந்தது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள். கிழமைக்கு ஒரு தரம்.

பிறகு எப்படியோ ரொறன்ரோ வந்து சேர்ந்தீர்கள். எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மென்டின் சோபா உங்களுடையதாயிற்று. வேலை, கதவு செய்கிற தொழிற்சாலையில். திறந்துவிட்ட ஒரு கதவுக்கு நன்றிக்கடனாக எத்தனை ஆயிரம் கதவு செய்தீர்கள், மாமா? அங்கேதான் யோசோ உங்களுக்குக் கிடைத்தார். அதே பட்டினத்துக்காரர், வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், பெயர் யோசோ என்றாலும் யோசிக்காமல் பேசுகிறவர். நீங்கள் அவரை "கலெப்?" என்று கேட்டீர்களாம். அவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்தாராம். மேலும் கீழும் பார்க்க அதிக நேரம் எடுத்திருக்காது.

அதிலிருந்து எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகள் குரோஷியாவுக்குச் சொந்தம். அங்கே இரவு ஆட்டம் நடக்கும்போது இங்கே மத்தியானம். யோசோவின் தங்கச்சி மாரா அங்கே ரேடியோவுக்குப் பக்கத்தில் ரெலிபோனை வைப்பார். இங்கே நீங்கள் இருவரும் ஒரே ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பீர்கள், நீங்கள் கதிரையில் ஏறி. முதல் பாதி முடியும்வரை நீங்கள் போனைத் தொட மாட்டீர்கள். தமிழ்க் கடையில் கோலிங் கார்ட் வாங்கப் போனால், கடைக்கார அண்ணை கேட்பார்: "என்ன தம்பி, ஊருக்கோ?" "இல்லை அண்ணை, குரோஷியாவுக்கு." "அங்க ஆர் இருக்கினம்?" "எங்கட பெடியள்." அவர் பாவம், உங்களுக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று கனகாலம் கதை கட்டிக்கொண்டு திரிந்தார். அதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

அங்கே சண்டை தொடங்கியபோது விழுகையும் தொடங்கியது. ஐந்து நெட்டைகளும் இத்தாலி, அமெரிக்கா என்று ஒவ்வொரு திசையில் போனார்கள். ஆட்டமண்டபம் அகதி முகாம் ஆனது. கூடைக்குக் கீழே மெத்தை போட்டுக் குடும்பங்கள் படுத்திருப்பதை யோசோ கொண்டுவந்த பேப்பரில் பார்த்துவிட்டு, "ஊரில எங்கட பள்ளிக்கூடங்கள் மாதிரி" என்று மட்டும் சொன்னீர்கள். அன்றைக்கு நான் உங்களுக்கு ஒரு குறும்பும் செய்யவில்லை. அது ஒரு சாதனை.

சண்டை முடிந்தது. கிளப்புக்குச் சோறு போட்ட கப்பல் தொழிற்சாலை மூடினது. சம்பளம் இல்லாமல் யார் விளையாடுவார்கள்? பள்ளிக்கூடப் பொடியன்களை இறக்கினார்கள். கலெப் தோற்கத் தோற்க உங்கள் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது. ரொறன்ரோவுக்கே ஒரு பெரிய அணி வந்து, பள்ளிக்கூடம் முழுக்க அதைப்பற்றியே பேசியபோது, "மாமா, கூடைப்பந்து இஞ்சயே வந்திட்டுது" என்று துள்ளிக்கொண்டு வந்தேன். "வரட்டும். இரண்டாம் பாதிக்குக் கதவு திறந்து விடுவினமோ எண்டு கேள்" என்றீர்கள். போன் எடுத்துக் கேட்டேன். டிக்கெட் விற்கிற அக்கா சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். திறக்க மாட்டார்களாம்.

எத்தனை பொய் ஸ்கோர் சொல்லியிருக்கிறேன் உங்களுக்கு! ஒரு நாள் கீழே உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறைப் போனிலிருந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "குரோஷியக் கூடைப்பந்துச் சங்கத்தில் இருந்து பேசுகிறோம், உங்களை ஆக உயரமானவர் நிற்கிற சென்டர் இடத்தில் விளையாட அழைக்கிறோம்" என்று இங்கிலிசில் அளந்தேன். நீங்கள் பெரிய மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நான் வரேலாது. என்ர மருமகளை எடுங்கோ. திருப்பி அனுப்பாதேங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்தீர்கள். ஒருமுறையாவது உங்களை ஏமாற்ற முடிந்ததா என்னால்?

இந்த வருடம் கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் முதல் டிவிசனில் நிற்கலாம் என்று ஆயிற்று. நீங்கள் என்னையும் இழுத்துக்கொண்டு றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போனீர்கள். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டார்.

"கலெப்" என்றீர்கள்.

"ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

"பத்துப் பன்னிரண்டு ஆம்பிளையள், ஐயா."

குருக்கள் உங்களைப் பார்த்தார். நீங்கள் பிள்ளையாரைப் பார்த்தீர்கள். "சரி, நட்சத்திரம்?"

"இப்ப ஒரு நட்சத்திரமும் இல்லை ஐயா, எல்லாரும் வெளிநாட்டுக் கிளப்புக்குப் போட்டினம்" என்றேன் நான். நீங்கள் என் தலையில் குட்டிவிட்டு, "என்ர நட்சத்திரத்தையே போடுங்கோ" என்றீர்கள். பிறகு கண்ணை மூடி, எனக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாக நேர்த்தி வைத்தீர்கள்: "கடைசி மட்ச்சைப் பெடியள் வெண்டால், பிள்ளையாரப்பா, ஒரு மூட்டை தேங்காய் உடைக்கிறன்."

உங்களிடம் இருந்தது ஒரே ஒரு நட்சத்திரம். அதையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டீர்களே, மாமா.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்க, வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடும்போது நெஞ்சைப் பிடித்தீர்கள். ஒரு காலில் சப்பாத்து. மற்றக் கால் சப்பாத்தை நான் ஒளித்து வைத்திருக்கவில்லை, அன்றைக்கு. உண்மையாகவே இல்லை. ஆனால் என்னைத்தான் கூப்பிட்டீர்கள்.

உங்களைப் பார்வைக்கு வைத்தது சனிக்கிழமை மத்தியானம். ஆட்டம் தொடங்குகிற அதே நேரம். மண்டபம் நிறையச் சனம், எல்லோரும் உங்களைவிட உயரம். கதவுத் தொழிற்சாலையே வந்திருந்தது. யோசோ ஒரு சூட்டுக்குள் மடிந்து நின்றார். உங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் உங்கள் பேர்சிலிருந்த கோலிங் கார்டை நீட்டினேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பே போன் இருந்தது.

மாரா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். யோசோ கேட்டு இங்கிலிசில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன், யாரும் கேட்காமலே. ஆனால் செத்தவீட்டில் தமிழர் ஒருவர் போனடியில் நின்றால் பத்துப் பேர் கூடாமல் இருப்பார்களா? ஒரு அங்கிள் பதறிக்கொண்டு வந்தார். "என்ன பிள்ளை, ஊரில ஏதும் பிரச்சினையோ?"

"ஓம் அங்கிள். இடைவேளைக்கு இருபது பின்னால நிக்கிறம்."

"ஆர், எங்கட ஆக்களோ?"

"எங்கட ஆக்கள்தான்."

அவர் போகவில்லை. இரண்டாம் பாதி தொடங்கியது. மாமா, அந்தப் பள்ளிக்கூடப் பொடியன்களுக்கு என்ன பேய் பிடித்தது? பதினைந்து பின்னால். பத்து. ஏழு. இப்போது நடைபாதை முழுக்கச் சனம், காப்பிக் கோப்பையோடு. "இப்ப எத்தினை, இப்ப எத்தினை?" என்று அந்த அங்கிள் என் சட்டையை இழுக்கிறார். மூன்று. ஒன்று. கடைசிப் பந்து, என் வயதுப் பொடியன் ஒருவனின் கையில். எறிந்தான். மாராவின் ரேடியோவில் ஊரே மூச்சை இழுத்த சத்தம் எனக்கும் கேட்டது.

வளையத்தில் பட்டு வெளியே போய்விட்டது.

யோசோ ரிசீவரை வைக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார். நான் உங்களிடம் வந்தேன். "மாமா, வெண்டிட்டம்" என்று சொல்ல வாய் உன்னியது. பழகின வாய். யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால், கதிரையில் ஏறிநின்று ஸ்கோருக்குக் காத்திருக்கிற அதே முகம். "ஒண்டால தோத்திட்டம், மாமா. கீழ் டிவிசனுக்குப் போறம்" என்றேன்.

எனக்குப் பின்னால் அம்மா. நான் கூடைப்பந்து என்றாலே "உந்தச் சனியனை நிப்பாட்டுங்கோ" என்கிற அம்மா. இரண்டு நாளாக யாரோடும் பேசாத அம்மா. மெல்லக் கேட்டார்:

"இடைவேளைக்கு எத்தினையில நிண்டவங்கள்?"

"இருபது பின்னால அம்மா."

"முடிய?"

"ஒண்டு."

அம்மா விரலை மடித்தார், விரித்தார். "அப்ப தம்பியின்ர கணக்கில பெடியள் வெண்டிட்டாங்களெல்லே" என்றார்.

அந்த மண்டபத்தில் என்னைத் தவிர யாருக்கும் அது விளங்கவில்லை. சைபருக்குச் சைபரில் தொடங்கினால் பத்தொன்பதால் வெற்றி, மாமா! அத்தனை வருடம் குசினிக்குள் சமைத்தபடி நின்று திட்டிக்கொண்டு, உங்கள் கணக்கை அம்மா ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப நேர்த்தி?" என்றேன்.

பக்கத்தில் நின்ற அன்ரி ஒருவர், "வைச்ச ஆளே போட்டுது, இனி என்ன நேர்த்தி?" என்றார்.

"அவன் வைச்சது வைச்சதுதான். நான் உடைப்பன்" என்றார் அம்மா.

நான் யோசோவிடம் போய்ச் சொன்னேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார், அல்லது மாறி. காருக்குப் போய், ஐந்து நெட்டைகளில் ஒருவனுடைய பழைய சட்டையைக் கொண்டுவந்தார், நீலம். உங்கள் மேல் விரித்தார். முழங்காலையும் தாண்டிக் கிடந்தது. நீங்கள் இவ்வளவு பெரிய ஆள் என்று அன்றைக்குத்தான் ரொறன்ரோவுக்குத் தெரிந்தது.

செத்தவீட்டுத் துடக்கு முடியும்வரை நாங்கள் கோயிலுக்குப் போக முடியாது என்றதும், தனக்குத் துடக்கில்லை, தான் போய் உடைக்கவா என்று யோசோ கேட்டார். அம்மா விடவில்லை. ஆனால் அவர் யோசிக்காமல் அன்றைக்கே ஒரு மூட்டை தேங்காய் வாங்கிவிட்டார். அது இப்போதும் அவருடைய கார் டிக்கியில் உருள்கிறது. அவர் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் நேர்த்தி இடித்து ஞாபகப்படுத்துகிறது.

இன்னொரு செய்தி. போன சனி மாரா சொன்னது. கலெப் இனிப் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் ஆடுமாம். அங்கே டிக்கெட் கிடையாதாம். முதல் பாதிக்கும் கதவு திறந்தே இருக்குமாம், மாமா.

முப்பத்தொன்று முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை தேங்காய் உடைக்கிறோம். முதல் தேங்காய் அம்மா, கடைசித் தேங்காய் நான், இடையில் உள்ளதெல்லாம் யோசோ. அவர் கைக்குத் தேங்காய் ரெனிஸ் பந்து மாதிரி. சிதறினதைப் பொறுக்க றிச்மண்ட் ஹில்லில் சின்னப்பிள்ளைகள் ஓடி வருவதில்லை. கார் தரிப்பிடத்துக் கடற்காகங்கள்தான் வரும். அவற்றுக்குக் கொடுப்பதில் உங்களுக்கும் ஆட்சேபம் இராது.

இனி ஒவ்வொரு சனியும் இடைவேளையில் போன் எடுத்து, சைபரிலிருந்து எண்ணி, உங்கள் படத்துக்கு முன்னால் வந்து சொல்வேன். உண்மை ஸ்கோர் மட்டும். இது சத்தியம். பொய் ஸ்கோர் சொல்லி ஏமாற்ற இனி யோசோ இருக்கிறார்.

கதிரையில் ஏறாமலே இப்போது உங்களைவிட உயரமான,
உங்கள் அக்காவின் மகள்
வினோதினி