மேட் விற்பனையில் சேராது

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். மூன்று வாரமாகச் சுகமில்லாமல் கிடந்த வண்டியும் ஞாயிற்றுக்கிழமை முதல் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி, போனில் எங்களிடம் அளக்கிற அளவில் பாதியாவது நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அது செவ்வாய் இல்லை புதன், அது நீலச் சட்டை இல்லை சாம்பல் சட்டை என்று வரிக்கு வரி திருத்துகிறார். இதை முதலிலிருந்து கடைசிவரை யாரும் குறுக்கே வராமல் சொல்லியாக வேண்டும் எனக்கு. போதாததற்குப் போன வாரம் நீயும் எல்லோரோடும் சேர்ந்துகொண்டு, "போதும்மா, வண்டிய வித்துடுங்க" என்று நாட்டாமை மாதிரித் தீர்ப்புச் சொன்னாயே, அதற்கும் இதில் பதில் இருக்கிறது.

உனக்குத் தெரியாத இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மேட்டுத் தெருவில் ஏறும்போது கருகல் வாடை வந்து வண்டி நின்றது, கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள், கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட்டை மாற்றினார்கள், இவ்வளவுதான் உனக்குச் சொன்னோம். சொல்லாதது ஒன்று உண்டு. மெக்கானிக் அந்தக் கருகின பிளேட்டை அப்பளம் மாதிரி இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, யாரோ கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டியிருக்கிறார்கள் என்றார். யாரோ என்று சொல்லிவிட்டு என் செருப்பைப் பார்த்தார். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். "எங்க வீட்ல அப்படி யாரும் ஓட்டறதில்ல. வண்டிக்கு வயசாயிடுச்சு, அவ்ளோதான்" என்று ஒரே போடாகப் போட்டார். நான் சீட்டில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே அவர் கடைக்குப் போய், காரில் ஓட்டுகிறவர் காலடியில் விரிக்க ஒரு ரப்பர் மேட் வாங்கி வந்தார். சாதாரண மேட் இல்லை, தோசைக்கல் கனம். அந்த மேட்டின் இடது ஓரத்தில் ஒரு மேடு வேறு, கால் வைத்துக்கொள்ளத் திண்டு மாதிரி. உனக்குக் கால் வலிக்காமல் இருக்கும் என்றார். முப்பத்து நான்கு வருஷத்தில் என் கால்வலியைப் பற்றி அவர் விசாரித்தது அதுதான் முதல் தடவை, அதனால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த மேட்டுக்கு அவர் செய்த உபசாரம் இருக்கிறதே, உனக்குக்கூட நடந்ததில்லை. சோப்புப் போட்டுக் கழுவுவார், துடைப்பார், நிழலில் காயவைப்பார். மெக்கானிக் வண்டியை எடுக்க வருகிறார் என்றால் முதல் வேலையாக மேட்டைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவார், அந்த ஆயில் ஷூ அதன்மேல் படக் கூடாதாம். வண்டி திரும்பி வந்ததும் மறுபடி விரிப்பார்.

வண்டி வந்த மறுநாள் காலையிலேயே சனியன் ஆரம்பித்தது. ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று ஒரு சத்தம், எதிர் வீட்டு ஜன்னல் திறக்கிறது. ஃபர்ஸ்ட் கியர் விழவே மாட்டேன் என்கிறது. கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு நின்றாலும் வண்டி நைசாக முன்னால் நகர்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுக் கிளப்பினால்தான் வழிக்கு வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். வந்தார், எடுத்துக்கொண்டு போனார், நாலு தெரு சுற்றினார், வெண்ணெய் மாதிரி விழுகிறது என்றார். வீட்டுக்கு வந்தால் பழைய கர். இரண்டாம் தடவை கியர் ஆயிலை மாற்றினார், கிளட்ச் கேபிளைப் பார்த்தார், எல்லாம் சரி. வீட்டுக்கு வந்தால் கர். மூன்றாம் தடவை ஷெட்டில் என்னையே உட்காரவைத்து ஓட்டச் சொன்னார். ஓட்டினேன், ஒரு சத்தம் இல்லை. "பாத்தீங்களா, கவனமா மிதிச்சா நல்லாத்தானே விழுது" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார் பார். எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பிறகு என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. கோளாறு வண்டியில் இல்லை, என் காலில்தான் என்று முடிவாகிவிட்டது. என் காலை எந்த ஷெட்டில் கொண்டுபோய் விடுவது?

இதை நான் விளையாட்டாக எழுதுகிறேன், அப்போது விளையாட்டாக இல்லை. அப்பாவின் கண் பார்வை மங்கி, ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஐம்பத்தைந்து வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் லேபில் என்னை வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலைக்குப் போட்டார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மாடியிலிருந்து இறங்க முடியாதவர்கள், காலையில் என் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருப்பார்கள். அந்தச் சுற்று எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் இப்போது சொல்கிறேன். போன வாரம் எண்பது தாண்டிய ஓர் அம்மா வீட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு வந்து வண்டியைக் கிளப்பினேன். கிளட்ச் காலடியில் இருக்கும்போதே வண்டி துள்ளிப்போய் அவர்கள் கேட்டில் முட்டியது. சாம்பிள் பெட்டி கவிழ்ந்து அந்த அம்மாவின் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாய் உடைந்துவிட்டது. மறுபடி உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா முகம் சுளிக்காமல், "பரவால்லம்மா, இன்னொரு தடவ குத்திக்கோ" என்று காகிதம் மாதிரி இருக்கிற கையை நீட்டினார். வீட்டுக்கு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். லேபில் மேலாளர், வண்டி சரியில்லை என்றால் ஒன்றாம் தேதியிலிருந்து கவுண்டரில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் அப்பா, விற்றுவிடலாம் என்றார். என் கால் சரி என்று அவர் இந்தத் தடவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெக்கானிக் சிரித்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது. உன் போனும் அன்றைக்கே வந்தது, நீயும் கை தூக்கிவிட்டாய். நான் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டோ ஸ்டுடியோக்காரர் வண்டி பார்க்க வந்தார். உன் அப்பா வண்டியைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி கழுவி நிறுத்திவிட்டு, மேட்டை மட்டும் உருவி எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வண்டி மட்டும்தான் விக்கறோம், மேட் விற்பனையில சேராது" என்று அந்த மனுஷர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அறிவித்தார். நேர்மையான ஆள், ரிவர்ஸில் சத்தம் வரும் என்பதையும் சொல்லிவிட்டார். ஸ்டுடியோக்காரர் உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார். ஒன்றும் இல்லை. ஃபர்ஸ்ட் போட்டார், விழுந்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "எங்க சார் சத்தம்? இத ஏன் விக்கறீங்க?" என்றார். நான் கேட்டருகே நின்றிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. யார் உட்கார்ந்தாலும் நன்றாக ஓடுகிற வண்டி நான் உட்கார்ந்தால் மட்டும் கத்துகிறது என்றால் வேறென்ன அர்த்தம்?

உன் அப்பா கக்கத்திலிருந்த மேட்டை எடுத்துக் கையால் தடவிப் பார்த்தார். அவருக்கு இப்போதெல்லாம் கண் செய்கிற வேலையைப் பாதி கைதான் செய்கிறது. கதவைத் திறந்து, துவைத்த வேட்டியோடு தரையில் மண்டியிட்டு, மேட்டை விரித்து, கிளட்ச் பெடலைக் கையாலேயே அழுத்தினார். எடுத்துவிட்டு அழுத்தினார். மறுபடி விரித்து அழுத்தினார். மேட் இருந்தால் பெடல் அதன் தடித்த விளிம்பில் முட்டி இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிடுகிறது, நான் தரைவரை மிதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கியரைப் போட்டிருக்கிறேன். ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் மேட் வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் கோளாறைக் கழுவித் துடைத்து நிழலில் உலர்த்தி உன் அப்பாவே என் காலடியில் விரித்திருக்கிறார்.

அவர் நினைத்திருந்தால் மேட்டை டிக்கியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் முழங்கால் மண்ணோடு எழுந்து, ஸ்டுடியோக்காரர் முன்னாலேயே மெக்கானிக்குக்குப் போன் போட்டு, "தப்பு என்னுது. அவங்க கால்ல ஒரு குறையும் இல்ல" என்றார். தப்பு என்கிற அந்த மூன்றெழுத்து அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்ட முதல் நாள் அதுதான். நீயும் குறித்துவைத்துக்கொள். வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லி ஸ்டுடியோக்காரருக்கு ஒரு டீ கொடுத்தோம். அவருக்கோ அதற்குள் வண்டி ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, இரண்டாவது டீயும் குடித்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் உன் அப்பா மேட்டையும் கத்தியையும் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, பெடலுக்கு அடியில் வருகிற துண்டை மட்டும் தடவித் தடவி வெட்டிக்கொண்டிருந்தார். ஊரறியத் தன் தப்பை ஒத்துக்கொண்ட மனுஷர் எதிரில் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முதல் பிளேட் கருகினது என் காலால்தான், ஏற்றத்தில் பயந்துபோய் கிளட்ச் மேலிருந்து காலை எடுக்கவே மாட்டேன், மெக்கானிக் சொன்னது நிஜம் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "கண்ணுதான் சரியில்ல, காது நல்லாத்தான் இருக்கு. பக்கத்து சீட்ல உக்காந்து வரும்போதெல்லாம் அந்த இன்ஜின் திணறுறதக் கேக்கறேனே" என்றார். பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீ ஓட்டறதயே விட்டிருப்ப. அதான் கால் வச்சுக்க மேடு இருக்கற மேட்டா தேடி வாங்கினேன். வாங்கியும் பழக்கம் போகலபோலன்னு நெனச்சுட்டேன். அன்னைக்கு நீ அழுதுகிட்டே வந்ததப் பாத்தப்புறம்தான் விக்கலாம்னே தோணுச்சு" என்றார். சொல்லிவிட்டு, வெட்டின துண்டை என் கையில் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னார். அவரைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன், எது முதலில் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

நேற்று முதல் பழையபடி சுற்றுக்குப் போகிறேன். கவுண்டருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். உன் வண்டியில் கிளட்ச்சே கிடையாதாம், கொடுத்துவைத்தவள், ஆனாலும் காலடியில் என்ன கிடக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார். பல் டாக்டரிடம் போகச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது, இந்த வாரம் போகாவிட்டால் அடுத்த கடிதம் இவ்வளவு அன்பாக இருக்காது. எந்த ஊரில் இருந்தாலும் நல்ல உடம்போடும் நல்ல மனிதர்களோடும் நீ நன்றாக இரு. எங்கள் இருவர் ஆசியும் உன்னோடு எப்போதும் இருக்கும்.

மேட்டை வாங்கின காரணம் உனக்குத் தெரிந்ததாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. கால்வலிக்காக வாங்கியதாகவே அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் ஆமாம், நல்ல வலி என்கிறேன்.

உன் பிரியமுள்ள,
அம்மா