உருட்டினால்தான் கிளம்பும் வண்டி

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூடுபனி. வண்டி எடுக்கவில்லை. முப்பத்தைந்து உதை, எண்ணினேன். கிக்கர் திருப்பி அடித்ததில் கெண்டைக்கால் வீக்கம்.

வீட்டுக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். "ஏன் போட்டு உதைக்கே? எறக்கத்துல உருட்டி ரெண்டாவது கியர்ல எடு. பத்து வருசமா அப்படித்தான எடுக்கோம்."

உருட்டினேன். உடனே கிளம்பிவிட்டது, சனியன். இந்தத் தேயிலை எஸ்டேட்டில் யாரும் உதைத்துக் கிளப்புவதில்லை. லயத்து வீடுகளுக்கு முன்னால் எல்லா வண்டியும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிற்கும். சனிக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட் அடிமாலியில், சமதரை மைதானத்தில். அங்கே இறக்கத்துக்கு எங்கே போவது? டிரைவிங் ஸ்கூலில் கியர் வண்டி கிடையாது, ஸ்கூட்டர்தான்.

பாஸானால் பால் சொசைட்டி வேலை. வீடு வீடாகப் பால் வாங்கி, கேனை வண்டியில் கட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சொசைட்டி செக்ரட்டரி தன் மலையாளத் தமிழில் சொன்னது: "லைசென்ஸ் கிட்டியா திங்களாழ்ச்ச காலைல அஞ்சு மணி தொட்டு ஜோலி உனக்கு. இல்லெங்கில் வேற ஆள நோக்கும்." கொழுந்துச் சாக்கு சுமந்து பதினாறு வருடம். கழுத்தைத் திருப்பினால் சத்தம் வருகிறது. இந்த வேலை எனக்கு வேண்டும்.

நவம்பர் 12, புதன்

சாயங்காலம் வெயில் கொஞ்சம். பார்த்தவை:
பெட்ரோல் - பெட்டிக்கடையில் பாட்டிலில் வாங்கியது. டம்ளரில் ஊற்றி வைத்துப் பார்த்தேன், தண்ணீர் கலப்பு இல்லை.
பிளக் - ஒரே கரி. உப்புத்தாளால் தேய்த்தாயிற்று. பொறி வருகிறது.
ஏர் ஃபில்டர் - எலிக்கூடு. என் பச்சை ஸ்வெட்டர் நூலெல்லாம் அங்கேதான்.
கார்பரேட்டர் - கழுவினேன். கை முழுக்க நாற்றம். சோற்றிலும் பெட்ரோல் வாசம் என்று அவர் முகத்தைச் சுளித்தார். சமைத்திருக்கலாமே அவரே.

பிறகு இருபது உதை. ஒன்றுமில்லை.

போகிறவர் வருகிறவரெல்லாம் "சோக் போட்டியா?" ஏழு பேர். ஏழாவது ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். பார்த்தால் சூப்பர்வைசர். நாளைக்கு எனக்கு வேலை அட்டைக்காட்டில்தான்.

நவம்பர் 13, வியாழன்

அட்டைக்காடேதான். காலில் நாலு அட்டைக்கடி.

மூணாறு மெக்கானிக்குக்குப் போன். "உருட்டுனா எடுக்கு, உதைச்சா எடுக்கலயா? அப்ப வால்வத் தள்ளுற டேப்பட் டைட்டு, அக்கா. வால்வு முழுசா மூடல, கம்ப்ரஷன் நிக்கல. ஷேவிங் பிளேடு நுழையுற எடைவெளி இருக்கணும், பாருங்க."

வீட்டுக்காரரின் ஷேவிங் பிளேடையே எடுத்தேன். டேப்பட் மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக நுழைகிறது, புகை போகிற பக்கம் நுழையவே இல்லை. நட்டைத் தளர்த்தி, பிளேடு லேசாகப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி வைத்து முறுக்கினேன். நட்டை முறுக்கும்போது உள்ளே இருக்கிற திருகும் கூடவே திரும்பித் தொலைக்கிறது. நாலு தடவை. அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது உதையில் கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி. ஒரே உதை. வேண்டுமென்றே ஆறு தடவை அணைத்து அணைத்துக் கிளப்பினேன். அவர் "ம்" என்றார். பத்து வருடத்துக்கு ஒரு "ம்".

நவம்பர் 15, சனி

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும்.

மைதானத்தில் ஒரே உதையில் எடுத்துப் பார்த்து அணைத்து வைத்தேன். அதுவரை சரி. பெயர் கூப்பிட்டார்கள். ஏறி உட்கார்ந்தேன். கை தானாகக் கிளட்சைப் பிடித்தது, கால் தானாக இரண்டாவது கியரைப் போட்டது. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன், உருளட்டும் என்று.

எங்கே உருள? அப்படியே இடது பக்கம் சாய்ந்து விழுந்தேன், வண்டியோடு.

இன்ஸ்பெக்டர்: "சேச்சி, இவிட எறக்கம் இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். "இன்னொரு நாள் வா." எட்டுப் போடுகிற கோட்டைக்கூட நான் தொடவில்லை. கூட வந்த வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

செக்ரட்டரிக்கு நானே போன் செய்து சொன்னேன். வேலை, எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் இருக்கிற முருகேசனுக்குப் போயிற்று.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல குளிர். துணி காயவில்லை. முழங்கை சிராய்ப்புக்கு மஞ்சள்.

நாலு மணிக்கு வாசலில் ஆள். முருகேசன். மேலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். உருட்டியும் எடுக்கவில்லையாம்.

"மதினி, ஒங்க வண்டி ஒரே உதையில எடுக்குதாமே. என்னதையும் செத்த பாருங்களேன். விடிஞ்சா அஞ்சு மணிக்குப் பால் எடுக்கணும்."

என்னிடமே வந்து கேட்கிறான். வெட்கமும் இல்லை, விஷமும் இல்லை, வெள்ளந்தி. அது தெரிந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எஞ்சின் ஆறுனாத்தான் டேப்பட் பாக்க முடியும். வண்டிய விட்டுட்டுப் போ. காலைல பத்து மணிக்கு மேல வா," என்றேன்.

ஆறியிருக்க வேண்டும் என்பது உண்மைதான். சரி மதினி என்று தலையாட்டிவிட்டுப் போனான். போனபிறகு எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.