இன்றைக்குக் கசாயம் வைக்க வேண்டாம்

என்னங்க,

இன்றைக்கு எனக்குக் கசாயம் வைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் சேரப் போகிறேன். சாதமும் குழம்பும் மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஸ்கூல் வேன் சாவி ஆணியில் தொங்குகிறது. எனக்குப் பதிலாக ஓட்டப்போகிற அக்கா வந்தால் கொடுத்துவிடுங்கள்.

நேற்று வேனில் ஏறும்போது கண் இருட்டி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, பிள்ளைகள் யாரும் ஏறியிருக்கவில்லை. உங்களிடம் சொல்லலாமென்றால், நீங்கள்தான் முகம் கொடுத்தே பேசுவதில்லையே.

சிறுகுடலில் கிருமி பெருகிவிட்டது, மாத்திரை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, "என் வைத்தியத்துல நம்பிக்கை போயிடுச்சா?" என்று கேட்டீர்கள். உங்கள் ஆயுர்வேதத்தின்மேல் நம்பிக்கை இல்லாமலா இத்தனை மாதம் வாயைக் கட்டினேன்? வயிற்று உப்புசம் குறைந்தது உங்களால்தான். ஆனால் உடம்பு இளைப்பது மட்டும் நிற்கவில்லை. உங்கள் பத்தியத்தை விட வேண்டாம் என்றுதான் அந்த டாக்டரும் சொன்னார்.

வாசலில் நோயாளிகள் காத்திருப்பார்கள். பார்த்து அனுப்பிவிட்டு வாங்க.

பி.கு: "கூட யாரும்மா இருக்காங்க?" என்று அங்கே கேட்பார்கள். உங்களைத்தான் சொல்லப்போகிறேன். வைத்தியராக வராதீர்கள். என் வீட்டுக்காரராக வந்து பக்கத்தில் உட்காருங்கள், போதும்.